தொடக்கத் தேதி

படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
அவர் பதினேழு.
ஆறுகாணியில் பஸ் இறங்கி
அட்டை கடிக்கக் கடிக்க அரை மணி ஏறினால்
பதினேழின் வீடு.

ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்தில்.
அங்கே கேட்பது மலையாளம், பதிவது இங்கிலீஷ்.
அவர் ஒப்பமிட்டது தமிழில்.
கோட்டை முட்டிக்கொண்டு தொடங்கிய பெயர்
போகப் போக இளைத்து
கடைசி எழுத்து ஒரு எறும்பாக நின்றது.
டாக்டர் பிந்து ஈப்பன் அதைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
சுருள் வரையும் தாளை அதற்கப்புறம்தான் எடுத்தோம்.

பெருவிரலில் சுட்டுவிரல் தட்டச் சொன்னோம்.
வேகமாக, நன்றாக விரித்து, பத்துத் தடவை.
முதல் மூன்றும் கதவு,
அடுத்த மூன்றும் சன்னல்,
மிச்சம் சாவித்துவாரம்.
மதிப்பெண் இரண்டு.

"வெட்டும்போ வெறைக்காது டாக்டரே.
கத்தியக் கீழ வச்சப்பொறவு,
கை சும்மா கெடக்குமே, அப்பந்தான்."
இந்த ஒரு வாக்கியத்துக்காக
டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

அறிகுறி தொடங்கிய தேதி?
போன ஓணம், சாயாக் கிளாஸ் குலுங்கின அன்று.
எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வருகை, அவர் வீட்டில்,
மணச் சோதனைக்குப் பன்னிரண்டு குப்பி.
கிராம்பு: தண்ணி.
காப்பித்தூள்: தண்ணி.
மண்ணெண்ணெய்: தண்ணி, என்று சொல்லிச் சிரித்தார்.
அடுக்களையிலிருந்து கனகபாய்:
"ஒட்டுப்பாலு சாக்கைக் கட்டிலுக்கடியில போட்டிட்டு
ஒறங்குத மனுசனில்லியா!
மூத்தவளுக்கு கல்யாணம் முடிஞ்ச வருசம் தொட்டே
மூக்கு செத்துப்போச்சு."
மூத்தவளின் மகன் இப்போது இரண்டாம் வகுப்பு.

"வெட்டுகாரனுக்கு நாத்தம் பழகிப்போவும்னு
நெனச்சேன்" என்றார் பதினேழு.
பழகியதென்று நினைத்தது
போய்விட்டதாக இருந்திருக்கிறது.

மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையைத் தூக்கி
ஒரு மரத்தைக் காட்டினார்.
பழைய வெட்டுப் பட்டை வளர்ந்து மூடியிருக்கிறது.
மேலே, என் தோளுயரத்தில், வழவழப்பு.
இடுப்புக்கு வரும்போது ஒரு கழலை.
அதற்குச் சாண் கீழே இரண்டு,
அப்புறம் எண்ண முடியவில்லை.
ஆழம் தப்பிக் கத்தி தடியைத் தொட்ட இடமெல்லாம்
மரம் முண்டு முண்டாய்ப் புடைத்திருந்தது.
நடுங்கிக்கொண்டிருந்த விரல்
முதல் கழலையைத் தொடப் போனபோது
நடுங்கவில்லை.

படிவத்தில் மரத்துக்குக் கட்டம் இல்லை.
ஆதாரம் என்றால் தாள் வேண்டும், தேதி வேண்டும்.

எஸ்டேட் றைட்டர் ஞானசிகாமணியிடம் இருந்தது தாள்.
நீள நோட்டு, மலையாளக் கணக்கு.
ஆறரை வருடத்துக்கு முந்தைய ஒரு கும்ப மாதம், செவ்வாய்க்கிழமை:
மரம் இருநூற்றுப் பன்னிரண்டு. காயம். கவனக்குறைவு.
கூலியில் இருபது ரூபாய் பிடித்தம்.
மீன மாதத்தில் மூன்று தடவை.
அடுத்த வருடம் பக்கத்துக்குப் பக்கம்.
அவர் நோயை முதலில் கண்டது றைட்டர்தான்.
மாதாமாதம் தவறாமல் பதிந்தும் இருக்கிறார்.

"அந்த ரூவாய திருப்பித் தருவாவளா?"
கனகபாய் கேட்டது என்னிடமா றைட்டரிடமா தெரியவில்லை.
இருவரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை டப்பாவை மாற்றிக் கொடுத்தேன்.
"இது மருந்தா, மாவா?"
தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.
முடிந்த பிறகுதான் உறை திறப்பார்கள்.
"நல்லது" என்றார், "தெரிஞ்சவன் யாராவது இருப்பான்."

நோட்டை நகலெடுக்க ஊரில் கடையில்லை.
நோட்டையே வாங்கி
ஒட்டுப்பால் சாக்கோரம் கிடந்த பையில் போட்டு வந்தேன்.
களியக்காவிளையில் பஸ் மாறியபோது
பக்கத்து இருக்கைக்காரி எழுந்து முன்னால் போய்விட்டாள்.

குளிரூட்டிய அறையில்
கணக்குச் சரிபார்க்க வந்த பையன்
இரண்டு தேதிகளையும் பென்சிலால் வட்டமிட்டான்.
எது சரி என்று எழுதித் தரச் சொன்னான்.
பிறகு நோட்டைப் புரட்டி, முகம் சுளித்து,
"இது நாறுகிறதே" என்றான்.

ஆமாம், என்றேன்.
உனக்கு நாறுகிறது.